கேரம் பலகையும் தேறி வரும் கையும்

வீட்டில் பழுதாகிக் கிடக்கும் விளையாட்டுப் பலகையைச் சீர்செய்யும் முறைகளையும், நோயாளரின் கைக்கு ஏற்ப அதனை மாற்றி அமைக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மதுராந்தகம் வட்டாரத்தில் கேரம் பலகையை அறியாத குடும்பம் இல்லை எனலாம். பரணின் மேலோ, பீரோவின் பின்புறமோ, கட்டிலுக்கு அடியிலோ ஒரு பலகை உறங்கிக்கொண்டிருக்கும். பக்கவாதத்திற்குப் பின்னும், கை எலும்பு முறிவிற்குப் பின்னும், நெடுநாள் படுக்கைக்குப் பின்னும் வீடு திரும்புவோரிடம், முன்பு என்ன விளையாடினீர்கள் என்று நாங்கள் கேட்பது வழக்கம். பலரும் கேரம் என்றே சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பலகையைக் கீழே இறக்குங்கள் என்கிறோம்.

இறக்கியபின்தான் சிக்கல் தொடங்குகிறது. பலகை வளைந்திருக்கிறது, வலை கிழிந்திருக்கிறது, காய்களில் நான்கைக் காணவில்லை. இப்படியே விளையாடலாம் என்று குடும்பத்தார் தொடங்கிவிடுகிறார்கள். நலமுள்ளவர் விளையாடும்போது இக்குறைகள் பெரிதல்ல. ஆனால் தேறி வரும் நோயாளருக்கு இவை வெறும் குறைகள் அல்ல.

பலகையின் குற்றம் கையின் மேல் விழும்

எங்களிடம் இயன்முறைப் பயிற்சி பெற்று வந்த முதியவர் ஒருவர், வலப்பக்கம் தளர்ந்து மெல்லத் தேறிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்த கேரம் பலகையில் சில நாள்கள் ஆர்வத்துடன் சுண்டியவர், ஒருநாள் இனி வேண்டாம் என்று விலகிக்கொண்டார். தாம் நேராகச் சுண்டினாலும் ஸ்ட்ரைக்கர் இடப்புறம் இழுத்துக்கொண்டு போவதாகவும், கை இனித் தேறாது என்பதற்கு இதுவே அடையாளம் என்றும் அவர் தம் மனைவியிடம் கூறியிருக்கிறார். அந்த அம்மையார் எங்களிடம் வந்து சொன்ன பிறகே பலகையைச் சோதித்தோம். மேசையின் ஒரு கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவுதான். அந்தச் சரிவில் எவர் சுண்டினாலும் ஸ்ட்ரைக்கர் இடப்புறமே சென்றது. காலுக்கு அடியில் மடித்த அட்டையை வைத்ததும் அது நேராக ஓடியது. அவரும் மறுநாள் பலகைக்குத் திரும்பினார்.

நோயுற்றவர் தம் உடலின் மீது நம்பிக்கையை இழந்திருக்கும் காலம் அது. எது தவறினாலும் தம் கையே காரணம் என்று எண்ணிக்கொள்வார். ஆகவே பலகையை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு கையின் நிலையைப் பார்ப்பதே முறை.

அளவுகளும் அவற்றின் பயனும்

கேரம் விளையாட்டிற்கு அளவு உண்டு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டு சென்னையில்தான் உருவாயிற்று. அதன் விதிகளின்படி விளையாடும் பரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. சதுரம். நான்கு குழிகளின் விட்டம் 4.45 செ.மீ. காய்கள் மொத்தம் 19: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டலாகாது. பலகை தாங்கியின் உயரம் 63 முதல் 70 செ.மீ.

இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் காணாமற்போன காய்களுக்கு ஈடாகப் பொத்தானையோ நாணயத்தையோ வைத்து ஆடும் வீடுகள் உண்டு. எடையும் தடிமனும் மாறினால் ஒரே விசையில் சுண்டியும் காய்கள் வெவ்வேறு தொலைவு செல்லும். தம் விரலின் விசையை மீண்டும் அளந்து பழகும் நோயாளருக்கு இது குழப்பமே தரும். காய்த் தொகுதி ஒன்று பெரிய செலவல்ல. புதிதாக வாங்கிவிடுவது நல்லது.

வடசென்னையின் குறுகிய தெருக்களிலிருந்து உலக வாகையர் எழுந்த விளையாட்டு இது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். இதை நாங்கள் குறிப்பிடக் காரணம் உண்டு. கேரம் ஆடுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதிக் கூச்சப்படும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். பல்லாண்டுப் பயிற்சி கோரும் நுண்ணிய கைத்திறன் இது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மட்டம் பார்த்தல்

சீர்செய்யும் பணியை மட்டம் பார்ப்பதில் தொடங்க வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் கிடைத்தால் பலகையின் நடுவில் ஒருமுறை நீளவாக்கிலும் மறுமுறை அகலவாக்கிலும் வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு போதும். அதனை நடு வட்டத்தில் மெல்ல வைத்துவிட்டுக் கையை எடுங்கள். உருண்டு ஓடினால் எத்திசையில் ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மேசையை அசைக்காமல் பலகையை மட்டும் கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் கோலியை வையுங்கள். முன்பு ஓடிய அதே சுவரை நோக்கி ஓடினால் குறை தரையிலோ மேசையிலோ இருக்கிறது. பலகையோடு சேர்ந்து ஓட்டத்தின் திசையும் திரும்பினால் பலகையே வளைந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை பல மணி நேர வீண் வேலையை மிச்சப்படுத்தும்.

தரையின் குறையை மடித்த அட்டையால் தீர்க்கலாம். அட்டை நழுவாமலிருக்க மேசைக் காலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். ஆடும் மேசை நோயாளர் சாயும்போது அவரையும் சாய்த்துவிடும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

வளைவும் ஈரமும்

ஏரியும் கடலும் அருகருகே அமைந்த நம் பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் மரப்பொருள்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒட்டுப்பலகையின் மேற்புறம் வார்னிஷ் பூசப்பட்டிருக்கும்; அடிப்புறம் பெரும்பாலும் பூசப்படாமல் இருக்கும். ஈரம் அடிப்புறம் வழியே ஏறி அப்பக்கத்தை உப்பச் செய்வதால் பலகை வளைகிறது. ஈரச்சுவரில் சாய்த்து வைத்த பலகைகள் இவ்வாறே கெடுகின்றன.

மூலைக்கு மூலை ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். நூலுக்கும் பரப்பிற்கும் இடையே நடுவில் இடைவெளி இருந்தால் பலகை குழிந்திருக்கிறது. நூல் நடுவில் இடித்தால் மேடாகியிருக்கிறது. முதலில் பலகையை இரு புறமும் காற்றுப் படும்படி நிழலில் நிமிர்த்தி வைத்துச் சில நாள்கள் உலர விடுங்கள். கடும் வெயிலில் வைத்தால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரியக்கூடும். உலர்ந்த பின்னும் சிறு வளைவு எஞ்சினால், மேடான பக்கம் மேலிருக்குமாறு சமமான தரையில் கிடத்தி, மேலே துணி விரித்து, பரவலாகப் பாரம் ஏற்றிச் சில நாள்கள் வைக்கலாம். நடுப்பகுதி மட்டும் தாழ்ந்திருந்தால் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தத் தச்சரிடம் கொடுங்கள். அடுக்குகள் பிரிந்து, தட்டினால் வெற்றொலி எழும் பலகை இனித் தேறாது. அதற்குச் செலவிட வேண்டாம்.

பணி முடிந்ததும் பலகையின் அடிப்புறத்திற்கு ஒரு பூச்சு வார்னிஷ் கொடுப்பது அடுத்த மழைக்காலத்திற்கான காப்பு. வார்னிஷ் நெடி முற்றிலும் நீங்கும் வரை அதனை நோயாளரின் அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

பரப்பு, சட்டம், வலை

பரப்பை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தண்ணீர், எண்ணெய், மெழுகு எதுவும் ஆகாது. குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பழகிய வழக்கத்தால் சிலர் கிருமிநாசினி ஸ்பிரிட்டைப் பலகையில் தெளித்துத் துடைக்கிறார்கள். அது வார்னிஷைக் கரைத்துப் பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும். தூய்மை கைகளில் இருக்கட்டும்: ஆடுவோர் அனைவரும் ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவி, நன்கு உலர்த்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் ஸ்ட்ரைக்கரைச் சோப்பு நீரில் கழுவலாம். மரக்காய்களைத் துணியால் துடைத்தால் போதும்.

பரப்பில் சொரசொரப்பான இடம் இருந்தால் அங்கு மட்டும் மிக நுண்ணிய உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் வாக்கில் இலேசாகத் தேய்க்கலாம். நான்கு பக்கச் சட்டங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அதனை நீக்கித் தேய்த்துவிட வேண்டும். சட்டம் ஆடினால், காய் மோதும்போது திரும்பி வராமல் சோர்ந்து நின்றுவிடும். அடியிலுள்ள திருகாணிகளை இறுக்கி, மூலை இணைப்புகளில் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் அசைக்காமல் வையுங்கள்.

வலை கிழிந்திருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. நாங்கள் அதனைத்தான் முதன்மையான பழுதாகக் கருதுகிறோம். கிழிந்த வலை வழியே காய் தரையில் விழுகிறது. அதனை எடுக்க நோயாளர் குனிகிறார். நடைத் தடுமாற்றம் உள்ளவர், எழுந்தால் தலைசுற்றல் வருபவர், எலும்பு நலிந்த முதியவர் ஆகியோருக்கு அந்த ஒரு குனிதல் விழுதலில் முடியக்கூடும். விழுதல் இடுப்பெலும்பு முறிவில் முடியக்கூடும். நான்கு மூலைகளிலும் புது வலை கட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். பழைய துணிப்பையின் மூலையை வெட்டி, சிறு ஆணிகளால் அடித்தாலும் காய் தங்கும். ஆணியின் கூர் வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவு குறித்த எச்சரிக்கை

காய் வழுக்கி ஓடுவதற்காகத் தூவப்படும் கேரம் மாவு பெரும்பாலும் போரிக் அமிலப் பொடியே. இதனை உட்கொண்டால் நஞ்சாகும். திறந்த புண்ணில் படுவதும் நல்லதன்று. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உப்பு, சர்க்கரை, மைதா டப்பாக்களின் அருகே ஒருபோதும் வைக்க வேண்டாம்.

நோயாளர் ஆடும் பலகைக்குச் சோளமாவை மிக நுண்ணிய துணியில் முடிந்து இலேசாகத் தட்டிவிட்டால் போதும். ஈரக்காற்றில் அது கட்டிபிடிக்கும்; ஆட்டம் முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு எந்த மாவும் வேண்டாம். நன்கு உலர்ந்த, வழவழப்பான பலகை மாவின்றியும் ஓரளவு ஓடும். கைத்திறன் பயிற்சிக்கு அவ்வேகம் போதுமானது. மற்றொன்று: தரையில் சிந்திய மாவு, பதிகல் தரையை வழுக்கச் செய்யும். ஆட்டம் முடிந்தவுடன் தரையையும் துடைத்துவிடுங்கள்.

கைக்கு ஏற்ற பலகை

சுண்டுதல் என்பது மடங்கிய விரலைச் சட்டென நீட்டுவது. பக்கவாதத்திற்குப் பின் பலருக்கு விரல்களை மடக்க முடிகிறது. நீட்டுவதே கடினமாக இருக்கிறது. ஆகவே முதல் நாளே சுண்டச் சொல்வது நியாயமன்று. இயன்முறை மருத்துவரின் ஆலோசனையுடன் படிப்படியாகச் செல்லலாம்.

முதற்படி, காய்களைப் பிரித்தல். கலந்து கிடக்கும் 18 காய்களைக் கறுப்பு வேறு வெள்ளை வேறாகப் பிரித்து அடுக்கச் செய்யுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பற்றும் பயிற்சி இது. இரண்டாம் படி, உள்ளங்கையால் காயைத் தள்ளிக் குழியில் சேர்த்தல். மூன்றாம் படி, ஒற்றை விரலால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுதல். நான்காம் படியே சுண்டுதல். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். விரல் நீளவே இல்லையெனில், தடித்த பென்சில் போன்ற குச்சியின் பிடியில் பழந்துணியைச் சுற்றிக் கொடுத்தால் அதனால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளி முழு ஆட்டமும் ஆடலாம்.

சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவருக்குப் பீப்பாயின் மேலோ பெட்டியின் மேலோ பலகையை வைத்தால் முழங்கால் இடிக்கும். அவர் எட்டிக் குனிய நேரும். நான்கு கால் மேசையே ஏற்றது. முழங்கால்கள் உள்ளே செல்ல இடம் வேண்டும். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்ற முடிந்தால் தோள் வலிக்காது. நாற்காலியின் இரு சக்கரத் தடைகளையும் இட்ட பிறகே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். பார்வை மங்கியவருக்குப் பலகைக்கு நேர்மேலே, கண்ணில் படாதவாறு மறைப்புள்ள விளக்கு உதவும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்புறம் இருப்பவை கவனத்திற்கே வருவதில்லை. கண் நன்றாக இருந்தும், பலகையின் இடப்பாதியிலுள்ள காய்களை அவர் காணாதவர் போலவே ஆடுவார். அவர் அசட்டையாக ஆடுகிறார் என்று குடும்பத்தார் கடிந்துகொள்வது உண்டு. அது அசட்டையன்று, நோயின் விளைவு. இவ்வாறு கண்டால் எங்களிடம் தெரிவியுங்கள். சிவப்புக் காயை இடப்புறம் வைத்து, இடப்புறமிருந்தே பேசி, அவர் கவனத்தை மெல்ல அங்கே திருப்பலாம்.

உணர்வு குறைந்த விரல்கள்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் போதனை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1924இல் லேடி வெலிங்டன் பெயரில் தொழுநோயாளர் இல்லமாகத் தொடங்கி, 1955இல் நடுவண் அரசின் நிறுவனமானது. தொழுநோயால் உணர்விழந்த கைகளைப் பற்றி உலகம் கற்ற பாடங்களில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டில் கற்றவை.

கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்பதைக் காட்டினார். வலி தெரியாததால், அன்றாட வேலையில் நேரும் சிறு காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகியே விரல்கள் அழிந்தன. அங்கு நோயாளர்களுக்குத் தச்சு வேலை கற்றுத் தரப்பட்டபோது, மரப் பொம்மைகள் செய்த அவர்கள் கைகளில் புண்கள் தோன்றின. கருவியின் பிடியை மாற்றி, கையை நாள்தோறும் கண்ணால் சோதிக்கப் பழக்கியதால் அப்புண்கள் தடுக்கப்பட்டன.

இப்பாடம் இன்று தொழுநோயாளர்க்கு மட்டும் உரியதன்று. நீண்டநாள் நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கைவிரல் உணர்வு மங்கியவர்களும், புற்றுநோய் மருந்துகளால் விரல் மரத்துப்போனவர்களும் பலர். அவர்கள் ஒரு மணி நேரம் சுண்டினாலும் நகக்கண்ணில் ஏற்படும் காயம் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே மூன்று விதிகள்: விரல் நுனியில் மெல்லிய ஒட்டுத்துணி சுற்றி ஆடுக, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை விரலை நல்ல வெளிச்சத்தில் பார்க்க, சிவப்போ கொப்புளமோ தென்பட்டால் அன்றைய ஆட்டத்தை நிறுத்துக. கையின் நிறமாற்றத்தைத் துணையிருப்பவர் பார்ப்பது இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் மின்பலகைகள்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் மின்சார விளையாட்டுப் பலகைகளைச் சிலர் கூடத்திற்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் ஒன்று அதிரும் கால்பந்துப் பலகை. 1940களின் இறுதியில் நியூயார்க்கின் டியூடர் நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் சாஸ் என்பவர் உருவாக்கியது இது. ஆடுகளம் ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதன் அடியில் ஒரு மின்காந்தம். மாறுதிசை மின்சாரம் பாயும்போது காந்தம் தகட்டை நொடிக்குப் பல முறை இழுத்து விடுகிறது, தகடு அதிர்கிறது. மேலே நிற்கும் சிறு பொம்மை வீரர்களின் அடியிலுள்ள சாய்ந்த பிளாஸ்டிக் மயிர்கள் அந்த அதிர்வை முன்னோக்கிய நகர்வாக மாற்றுகின்றன. விரலில் வலுவே இல்லாதவரும் பொம்மைகளை நிறுத்திவிட்டு ஆட்டத்தைக் கண்டு மகிழலாம்.

இப்பலகையின் பழுதுகளும் கேரம் பலகையின் பழுதுகளைப் போன்றவையே. வீரர்கள் அனைவரும் ஒரே மூலைக்குச் சென்று குவிந்தால் பலகை மட்டமாக இல்லை. ஓரிடத்தில் மட்டும் அசையாமல் நின்றால் அங்கே தகடு நெளிந்திருக்கலாம், அல்லது தூசி படிந்திருக்கலாம். இரைச்சல் மட்டும் எழுந்து அசைவு குறைந்தால், அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் மட்டும் வட்டமிட்டால் அவர் அடியிலுள்ள மயிர்கள் வளைந்திருக்கின்றன. விரலால் நீவிச் சமமாக்கலாம். திருகாணி தவிர்த்த அனைத்தையும் மின் இணைப்பை எடுத்துவிட்டே செய்ய வேண்டும்.

ஆனால் மிக முக்கியமானது மின்னழுத்தம். அமெரிக்கப் பலகைகள் 120 வோல்ட் மின்சாரத்திற்கானவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். முள் பொருந்தும் மாற்றுச் செருகியை மட்டும் வாங்கி மாட்டினால் சுருள் சூடேறிக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி தேவை. அத்துடன் அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. ஆகவே மின்மாற்றி இருந்தாலும் அதிர்வின் தன்மை மாறும், திருகாணியை மீண்டும் சரிப்படுத்த நேரும். பழைய பலகையின் மின்கம்பி உறை வெடித்திருந்தால் ஒட்டுநாடா சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்; மின்பணியாளரிடம் கொடுத்துக் கம்பியையே மாற்றுங்கள்.

எங்கள் மின்பணியாளர் சோதிக்காத எந்த மின்பலகையையும் உள்நோயாளர் கூடத்தில் இயக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருப்பவர் அருகே மின்பொறி எழக்கூடிய எப்பொருளும் ஆகாது. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர்கள் மின்காந்தமுள்ள பலகையின் மீது மார்பைச் சாய்க்காமல் தள்ளி அமர வேண்டும். ஐயமிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

துணையிருப்போர் கவனத்திற்கு

நோயாளரோடு ஆடும்போது வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது அவர்களைப் புண்படுத்துகிறது. அதற்கு மாறாக விதியை வெளிப்படையாக மாற்றிக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு ஒரு முறைக்கு இரண்டு வாய்ப்பு, பேரனுக்கு ஒன்று என்று முதலிலேயே பேசி முடிவுசெய்தால் இருவரும் முழுத் திறனோடு ஆடலாம். நலமுள்ளவர் தம் பழகாத கையால் ஆடுவதும் நல்ல வழி. தளர்ந்த கையால் சுண்டுவது எவ்வளவு கடினம் என்பதையும் அது உணர்த்தும்.

தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் போதும். தோள் உயர்ந்துகொண்டே போனால், விரல்கள் இறுகினால், முகம் சுருங்கினால் களைப்பு வந்துவிட்டது என்று பொருள். ஆட்டம் முடியவில்லையே என்று இழுக்க வேண்டாம். காய்களை அப்படியே விட்டுவைத்து மாலையில் தொடருங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் வைக்கக் கூடாது. தோள்மூட்டு எளிதில் நோகும்.

கேரம் ஆட விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். பல்லாங்குழியின் 14 குழிகளில் சோழிகளை இட்டு எடுப்பதும் விரலுக்கு நல்ல பயிற்சி. ஆடு புலி ஆட்டம் சிந்தனைக்கு வேலை தரும். அதற்குத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கோடுகளும் சில கற்களும் போதும், படுக்கையிலிருப்பவருக்கு அட்டையில் வரைந்து தரலாம். 2022இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது முதல் நம் வட்டாரப் பிள்ளைகள் பலருக்குச் சதுரங்கம் தெரியும். பேரப்பிள்ளையே ஆசிரியராக அமைந்தால் முதியவர் மறுப்பதில்லை.

விளையாட்டு மருந்திற்கும் பயிற்சிக்கும் மாற்றன்று. கேரம் ஆடினால் பக்கவாதம் குணமாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பரிந்துரைத்த பயிற்சிகளைச் சலிப்பின்றித் தொடர ஒரு காரணத்தையும், நாளின் ஒரு பகுதியில் நோயைப் பற்றியன்றி வேறொன்றைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பையும் அது தருகிறது. துணையிருப்பவருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் தேவை.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அனைவரும் நினைவில் இருத்துக. நேற்றுவரை சுண்டிய கை இன்று திடீரெனத் தளர்ந்தால், ஸ்ட்ரைக்கர் விரலிலிருந்து நழுவினால், முகம் ஒருபக்கம் கோணினால், பேச்சு குழறினால் அது பலகையின் குறையும் அன்று, களைப்பும் அன்று. மீண்டும் பக்கவாதம் தாக்கியிருக்கலாம். உறங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது. எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள்.

பழுதான பலகையை இயன்முறைப் பிரிவிற்கு எடுத்து வந்தால், மட்டம் பார்க்கவும் உங்கள் நோயாளருக்கு உகந்த மேசை உயரத்தைக் குறித்துத் தரவும் நாங்கள் அணியமாக உள்ளோம். வரும்போது நோயாளரையும், அவரோடு வழக்கமாக ஆடுபவரையும் உடன் அழைத்து வாருங்கள்.